பள்ளத்துக்குள் ஒரு சுவர்

எங்க ஊர்ப் பக்கம் 'தோட்டம்' என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிணறு, பம்புசெட்டு, வரப்பு, அதற்கு ஒரு சொந்தக்காரர். ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியிருக்கிற எந்தச் சேரியிலும் காலை நேரத்தில் 'எங்க கிளம்பிட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'தோட்டத்துக்கு' என்பார்கள். தோட்டத்துக்குப் போறது என்றால் கூலிக்குப் போறது. களை எடுக்க, வெங்காயம் பிடுங்க, தக்காளி பறிக்க, முருங்கைக்காய் ஒடிக்க. கையில் களைக்கொத்து இல்லாமல், முந்தானையை வரிந்து கட்டாமல், சும்மா நடந்து பார்த்துவிட்டு வருவதற்கென்றே ஒரு தோட்டம் இருக்கும் என்பது எங்க அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு வரைக்கும் சினிமாப் பாட்டில் பார்த்த சங்கதிதான்.

அம்மா முப்பது வருசத்துக்கு மேல் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கூலி வேலை பார்த்தவர். அப்பா மூட்டை தூக்கினார். கொட்டிக் கிடக்கிற காயில் சொத்தை, அழுகல் பொறுக்கி ஒதுக்குவது, பெருசு சிறுசு தரம் பிரிப்பது, சாக்கில் அள்ளிப் போட்டு வாய் தைப்பது அம்மாவின் வேலை. தைத்த மூட்டை லாரி ஏறிக் கேரளாவுக்குப் போகும். மார்க்கெட்டில் காய் ரெண்டு சாதி. கத்தரி, வெண்டை, முருங்கை, அவரை எல்லாம் நாட்டுக்காய். மலையிலிருந்து இறங்குகிற கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் இங்கிலீஷ் காய். காயில்கூட வர்ணாசிரமம் பாருங்கள். அம்மா ஒருநாள் கேட்டுச்சு: "வெள்ளக்காரன் போயி எம்புட்டு வருசமாச்சு. காய்க்கு மட்டும் ஏன்டா இன்னும் அவன் பேரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பள்ளிக்கூட வாத்தியார். தெரியாததைத் தேடிப் படிக்கிற பழக்கம் கொஞ்சம் உண்டு. தேடிப் போன இடம் ஊட்டித் தாவரவியல் பூங்காவில் போய் நின்றது. நாம் இன்றைக்குக் காசு கொடுத்துப் பூப் பார்க்கப் போகிற அந்தத் தோட்டம் முதலில் பூவுக்காக வந்தது கிடையாது. 1845 வாக்கில் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள், மலை மேலே தங்களுக்குப் பழக்கப்பட்ட காய்கறி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று மாசம் ஆளுக்கு 3 ரூபாய் சந்தா போட்டு ஆரம்பித்த காய்கறித் தோட்டம் அது. அந்த ஏற்பாடு சரிப்பட்டு வரவில்லை. பிறகு சென்னை மாகாண கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபு காலத்தில் அரசாங்கத் தோட்டமாக்கும் முடிவு வந்தது. இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் தொழில் பழகிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-ல் வந்து சேர்ந்தார். சதுப்பும் காடுமாகக் கிடந்த தொட்டபெட்டாச் சரிவை வெட்டித் திருத்தித் தோட்டமாக்கப் பத்து வருசம் போல ஆனது.

இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப நம்ம மண்டிக்கெல்லாம் மூத்த மண்டி அதுதானா? அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம் சாமி" என்றது. அப்படித்தான் பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறி ஊட்டி போய்ச் சேர்ந்தோம்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அம்மா செய்த முதல் காரியம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்ததுதான். புல்வெளி அவ்வளவு சுத்தமாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. எங்க ஊர் மேலத் தெருவில் எங்க தாத்தாமார் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள். "போட்டுக்கம்மா, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். "யாருக்காகவும் கழட்டலடா. பச்சைப் பிள்ளை மாதிரி கெடக்கு புல்லு, அதான் வெறுங்கால்ல நடக்கிறேன்" என்றது. ஒரே செயல்தான். அன்றைக்கு அது அடிமைத்தனம். இன்றைக்கு அம்மாவுக்கு அது ஆசை. கழற்றச் சொல்லி யாரும் மிரட்டாத இடத்தில்தான் ஆசைக்குக் கழற்ற முடியும்.

22 ஹெக்டேர் தோட்டம். நாட்டுக்கு நாடு இருந்து வந்த மரங்கள். பலகைகளில் மரத்தின் பெயர், வந்த தேசத்தின் பெயர். ட்வீடேல் பேர் இருக்கிறது, மெக்ஐவர் பேர் இருக்கிறது. மெக்ஐவரின் தொழில் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு மலைச்சரிவை மட்டம் பார்த்துப் படிப்படியாக இறக்க எத்தனை கூடை மண் அள்ளியிருக்க வேண்டும் என்பது மண் சுமந்த வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணால் பார்த்தாலே தெரியும். அந்தக் கூடைகளைத் தூக்கிய தலைகளுக்கு, நான் பார்த்தவரை, ஒரு பலகை இல்லை.

ஒரு பாத்திக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் களை எடுத்துக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. ஐம்பது தாண்டிய வயசு. எங்க அம்மாவுக்குக் கால் தானாக அங்கே போய்விட்டது. பூப் பார்க்க வந்தவர், களை எடுக்கிற கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"எந்த ஊரு தாயி?"

"இங்கதாங்க அக்கா இப்போ. பொறந்தது சிலோன்ல, நுவரெலியாப் பக்கம். சின்னப் புள்ளையில கப்பலேறி ராமேசுவரம் வந்தோம். மண்டபம் கேம்ப்புல கெடந்து அப்புறம் இங்க வந்து சேர்ந்தோம்."

"அதுக்கு முந்தி?"

"எங்க தாத்தாவோட தாத்தா பழனிப் பக்கத்துல இருந்து போனாராம். ஊரு பேரு தெரியாது. பஞ்சத்துல போனதுன்னு சொல்லுவாங்க. நீங்க எந்தப் பக்கம்?"

அம்மா ஊரைச் சொன்னது. அவர் கொஞ்சம் தயங்கி, "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே "வெளியத்தான்" என்றது. அதற்குப் பிறகு ரெண்டு பேருக்கும் நான் தேவைப்படவில்லை. பாதி வேலையில் அம்மாவும் குத்தவைத்து ரெண்டு களையைப் பிடுங்கிப் போட்டது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எத்தனையோ லட்சம் பேரை இந்தப் பக்கம் தள்ளியது என்று வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த லட்சத்தில் ஒருவர், ஒருவேளை எங்க சாதிசனமாகவே இருக்கக்கூடியவர், பூப்பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்தின் மேற்பகுதியில் தோடர்களின் மந்து இருக்கிறது. இந்த மலை அவர்கள் எருமை மேய்த்த மலை. வந்தவர்கள் தோட்டம் போட்டார்கள். முன்பே இருந்தவர்கள் வந்து போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகும் காட்சியானார்கள். அதே மேல்முனையில்தான் கவர்னர் மாளிகையும். வாசல் வரைதான் நமக்கு. நாங்களும் அங்கே நின்றுதான் பார்த்தோம். இந்த மாளிகைக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டி வந்தேன்.

1875 முதல் 1880 வரை சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் டியூக். இங்கிலாந்தில் ஸ்டோவ் என்ற பெரிய மாளிகை அவர் குடும்பத்துச் சொத்து. அவருடைய அப்பா காலத்தில் கடன் கழுத்தை நெரித்து, 1848-ல் அந்த மாளிகைச் சாமான்களை நாற்பது நாள் ஏலம் போட்டார்கள். மெக்ஐவர் ஊட்டிக்கு வந்து சேர்ந்த அதே வருசம். பிறகு மகன் கவர்னராக வந்தபோது, தோட்டத்தின் மேல்முனையில், தன் குடும்பத்து ஸ்டோவ் மாளிகையின் சாயலிலேயே இந்த மாளிகையை எழுப்பினார். அங்கே ஏலம் போன வீட்டுக்கு இங்கே ஒரு நிழல். பணம் மாகாணத்துப் பணம்.

ஸ்டோவ் மாளிகையில் 1923 முதல் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. தோட்டத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. உலகமெங்கும் இருந்து ஜனங்கள் போய்ப் பார்க்கிற தோட்டம். இங்கிலீஷ் தோட்டக்கலையில் பெரிய பெயர் எடுத்த 'கேப்பபிலிட்டி' பிரவுன் 1741-ல் வேலைக்குச் சேர்ந்து கைதேர்ந்த இடம். அந்தத் தோட்டத்தைப் பற்றிப் படித்தபோது ரெண்டு விஷயங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின.

ஒன்று, ஸ்டோவ் என்பது முதலில் மாளிகையின் பெயர் மட்டும் கிடையாது. அது ஓர் ஊரின் பெயர். தோட்டம் பெருகப் பெருக அந்த ஊர் காணாமல் போனது. சனங்கள் வேறு பக்கம் போனார்கள். அவர்கள் கும்பிட்ட கோவில் மட்டும் மரங்களுக்குள் மறைந்து இன்றும் நிற்கிறது. ஸ்டோவ் மட்டும் இப்படி என்றில்லை. டார்செட் பகுதியில் ஒரு பிரபு, தன் மாளிகைக்கு முன்னால் இருந்த ஓர் ஊரையே 1770-களில் இடிக்க ஆரம்பித்து, கண்ணுக்குப் படாத ஒரு பள்ளத்தாக்கில் மில்டன் அப்பாஸ் என்று புதிசாக வரிசை வீடு கட்டிக் கொடுத்தார். ஊர் இருந்தால் பார்வைக்கு அசிங்கம். எங்க காலனிகளும் அப்படித்தானே, பஸ் போகிற ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் அமைகின்றன.

இரண்டாவது, அந்தப் பள்ளம். இங்கிலீஷ்காரர்கள் அதற்கு 'ஹா-ஹா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாளிகைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குப் புல்வெளி தொடங்கி, தூரத்தில் மாடு மேய்கிற வெளி வரைக்கும் ஒரே பச்சையாகத் தெரிய வேண்டும். வேலி தெரியக் கூடாது. ஆனால் மாடு உள்ளே வரவும் கூடாது. அதற்காக ஒரு பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்தின் மாளிகைப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு சுவர், எதிர்ப் பக்கத்தில் சரிவு. சுவரின் தலை புல்தரைக்குச் சமமாக இருக்கும். மாளிகையிலிருந்து பார்த்தால் சுவரே இல்லை. கிட்டே போய்த் தடுக்குகிறவன் 'ஆஹா' என்று திகைப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். பள்ளத்தில் நிற்கிற மாட்டுக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும் சுவர் எப்போதும் முகத்துக்கு நேரே நிற்கும்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தைந்து வருச வாத்தியார் உத்தியோகத்தில் என்னோடு வேலை பார்த்த எத்தனையோ பேர், நல்ல மனுசர்கள்தான், டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள்: "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" நான் அவர்களைப் பொய்க்காரர்கள் என்று நினைத்தது உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கிற திண்ணையிலிருந்து பார்த்தால் மெய்யாகவே ஒரே பச்சைதான் தெரிகிறது. சுவரைக் கட்டினவன் அதற்குத் தகுந்த மாதிரிதான் கட்டியிருக்கிறான். எங்க ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஊர்க்காரரைக் கேட்டால் அது வாய்க்கால். எங்களைக் கேட்டால் அது எல்லை. பிணம் எந்தக் கரையில் போகணும், மேளம் எந்த இடத்தில் நிற்கணும் என்று அந்தத் தண்ணிக்குத் தெரியும்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ல் எழும்பிய சுவர் ஊரறிய நின்றது. அதனால் அதை எதிர்த்துப் போராட முடிந்தது. 2008 மே 6-ந் தேதி அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற சுவருக்கு ஒரு தேதி குறித்து இடிக்கலாம். பள்ளத்துக்குள் இருக்கிற சுவரை என்ன செய்வது? முதலில் அது இருக்கிறது என்று பள்ளத்தில் நிற்கிறவர்கள் சொல்ல வேண்டும். நம்முடைய எழுத்துக்கு வேறு என்ன வேலை?

ஊட்டியில் அப்படி ஒரு பள்ளம் வெட்டத் தேவையே இருக்கவில்லை. மலையே மாளிகை, சமவெளியே பள்ளம். மேலே இருந்து பார்த்தால் கீழே மேகம்தான் தெரியும். மேகத்துக்குக் கீழே டியூக் காலத்தில் என்ன நடந்தது? 1876-ல் தொடங்கி 1878 வரை தாது வருசப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். எங்க அப்பத்தா, தன் அப்பத்தா சொன்னதாகச் சொல்லும்: எறும்புப் புற்றைத் தோண்டி அதிலிருந்த தானியத்தைப் புடைத்து எடுத்தார்களாம். கற்றாழைக் கிழங்கையும் சப்பாத்திக்கள்ளிப் பழத்தையும் தின்றார்களாம். நிலம் இருந்தவன் நிலத்தை விற்றுச் சாப்பிட்டான். எங்க சனத்துக்கு விற்க உடம்பு மட்டும்தான் இருந்தது. அதைச் சிலோன் காப்பித் தோட்டத்துக்கு விற்றார்கள். 'பஞ்சத்துல போனது' என்று அந்தக் களை எடுத்த அம்மா சொன்னாரே, அது இந்தப் பஞ்சமா, இதற்கு முந்தியதா என்று அவருக்கே தெரியாது. எங்க சனத்துக்குப் பஞ்சம் ஒன்று ரெண்டா?

டியூக் ஈவிரக்கமற்றவர் என்று சொல்ல வரவில்லை. 1877 ஜனவரியில் கல்கத்தா அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் வந்து, நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆம்பிளைக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை அரசாங்கம் அதை எதிர்த்து வாதாடியது. மாகாணத்துச் சுகாதார கமிஷனர் கார்னிஷ், இந்தக் கூலியில் மனுசன் உயிர் நிற்காது என்று எழுதினார். இதெல்லாம் உண்மை. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற கால்வாயை அந்தப் பஞ்சக் கூலிகள்தான் தோண்டினார்கள் என்பதும் உண்மை. கால்வாய்க்கு வைத்த பெயர் பக்கிங்ஹாம். தோண்டினவன் எலும்பு, வெட்டச் சொன்னவன் பேரு.

அதுமட்டுமல்ல. ஸ்டோவ் குடும்பத்துக்கு ஜமைக்காத் தீவில் ஒரு கரும்புத் தோட்டம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போன அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும் உழைத்த தோட்டம். அதன் பெயர் 'ஹோப்', அதாவது நம்பிக்கை! 1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது பிரிட்டிஷ் அரசாங்கம் 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது எஜமானர்களுக்குத்தான். அடிமைகளுக்குக் காலணா கிடையாது. அந்த ஹோப் நிலத்தின் ஒரு பகுதியில்தான் இன்றைக்குக் கிங்ஸ்டன் நகரத்துத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஊட்டியில் ஒன்று, கிங்ஸ்டனில் ஒன்று. ரெண்டு இடத்திலும் அழகான பூ.

ஆனால் ஊட்டி வெள்ளைக்காரர் ஊராக மட்டும் இருந்துவிடவில்லை. அங்கே நம்ம ஆட்களும் இருந்தார்கள். பங்களாக்களில் சமையலுக்கும் எடுபிடிக்கும் குதிரை பார்க்கவும் போனவர்கள், கணக்கெழுதப் போனவர்கள், அவர்களின் பிள்ளைகள். அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்ததும் வைத்தியமும் தத்துவமும் பேசியதும் நீலகிரியில். இரட்டைமலை சீனிவாசனும் அங்கே வேலை பார்த்தவர். 1891 டிசம்பர் 1-ந் தேதி அதே ஊட்டியில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள். எங்களைச் சாதிப் பேர் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உதவித்தொகையும் வேண்டும், பொதுக் கிணறு குளத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும், அரசாங்க ஆபீசுக்குள் மற்றவர்களைப் போல நாங்களும் போக வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். மலையின் ஒரு பக்கத்தில் பள்ளத்தை மறைத்துப் புல் வளர்த்தார்கள். இன்னொரு பக்கத்தில் நம் முன்னோர்கள் நின்று 'இதோ சுவர்' என்று விரல் நீட்டினார்கள். ஊட்டிக்குப் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தத் தேதி தெரியும்? மலர்க்கண்காட்சித் தேதி எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அந்தத் தோட்டம் நமக்கு வேண்டாம், போகாதீர்கள் என்று சொல்வேன் என்று நினைக்காதீர்கள். நேர்மாறாகச் சொல்கிறேன். போங்கள். வயசான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடங்கள், கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்தப் புல்லுக்குக் கீழே இருக்கிற மண்ணில் நம் கூடையும் உண்டு, நமக்கு அங்கே பாத்தியதை இருக்கிறது. ஆனால் பலகையில் எழுதியதை மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். களை எடுக்கிறவரிடம் 'எந்த ஊரு?' என்று கேளுங்கள். மண்ணை மட்டம் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். மேலே மாளிகை வாசலில் நிற்கும்போது, இது கட்டிய நாளில் கீழே நம்ம ஊரில் என்ன சாப்பிட்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1891-ஐச் சொல்லுங்கள். எழுதி வைக்கிற பலகை வருகிற வரைக்கும் நம் வாயே பலகை.